பனிக்காலத்துக்கு ஒரு தோட்டம்

ஒரு தீவைப் பட்டினி போடுவதற்குப் பகைவன் அதன் கரையில் வந்து இறங்க வேண்டியதில்லை. அதன் துறைமுகங்களை நோக்கி வரும் கப்பல்களை நடுக்கடலிலே தடுத்துவிட்டாற் போதும். பிறநாட்டு உணவை நம்பி வாழும் எந்தத் தீவும் இந்த விதிக்கு விலக்கன்று. இருபதாம் நூற்றாண்டிலே நிகழ்ந்த இரண்டு உலக மகாயுத்தங்களின்போதும் பிரித்தானிய மக்கள் இவ்வுண்மையை அனுபவத்தில் அறிந்தனர். அந்த ஆபத்தை எதிர்கொள்ள அவர்கள் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று, வீட்டு வளவிலும் பூங்காவிலும் வெற்று நிலத்திலும் மரக்கறி பயிரிடுவதாகும். அதிலும் கடினமான பகுதி, நிலம் உறைந்து கிடக்கும் பனிக்காலத்திலே உண்பதற்கு வேண்டிய மரக்கறியை முன்கூட்டியே பயிரிட்டு வைப்பதாகும். அந்த முயற்சி எவ்வாறு தொடங்கிற்று, எவ்வாறு நடைபெற்றது, எவ்வளவு பயன் தந்தது என்பன அறியத்தக்கவை.

1939ஆம் ஆண்டிலே பிரித்தானியா தான் உண்ட உணவில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாமற் கடல் கடந்து பெற்றுக்கொண்டிருந்தது. கோதுமை கனடாவிலிருந்து வந்தது. வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் நியூசிலாந்திலிருந்து வந்தன. தோடம்பழம் ஸ்பெயின், பலஸ்தீனம் முதலிய தேசங்களிலிருந்து வந்தது. சமையலுக்கு இன்றியமையாத வெங்காயத்திலே பத்தில் ஒன்பது பங்கு பிற நாடுகளிலே விளைந்தது. பிரான்சின் பிரித்தானிக் கரையிலிருந்து வெங்காய வியாபாரிகள் ஆண்டுதோறும் கடல் கடந்து வந்து, வெங்காயப் பிணையல்களைச் சைக்கிளிலே தொங்கவிட்டு வீடுவீடாக விற்றுச் செல்வது வழக்கம். மலிவாகக் கிடைக்கும் பொருளை வீட்டிலே பயிரிடுவானேன் என்று மக்கள் எண்ணியிருந்தனர்.

முதலாம் யுத்தம் ஒரு பாடம் புகட்டியிருந்தது. 1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டுப்பாடின்றி வர்த்தகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கின. ஏப்பிரல் மாதத்திற்குள் பிரித்தானியா பெரும் அபாயத்தை அடைந்தது. அப்பொழுது நகரசபைகள் வெற்று நிலங்களைப் பிரித்து மக்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்தன. இத்தகைய தோட்டத் துண்டுகள் அந்நாட்டில் முன்னரே இருந்தனவாயினும், அந்த யுத்த காலத்திலே அவற்றின் தொகை பன்மடங்காகப் பெருகியது. சமாதானம் வந்ததும் அந்நிலங்களிற் பல உரிமையாளரிடம் திரும்பிச் சென்றன. பலவற்றின்மீது வீடுகள் எழும்பின. 1939இல் எஞ்சியிருந்தவை ஏறக்குறைய 8 இலட்சம் தோட்டத் துண்டுகளே.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி யுத்தம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஒரு மாதங் கழித்து, ஒக்டோபர் முதல் வாரத்தில், கமத்தொழில் மந்திரி சேர் றெஜினால்ட் டோர்மன் ஸ்மித் வானொலியிலே மக்களுக்கு உரை நிகழ்த்தினார். இன்னும் ஐந்து இலட்சம் தோட்டத் துண்டுகளை முறையாகப் பயிரிட்டால், மேலும் 10 இலட்சம் வளர்ந்தோருக்கும் 15 இலட்சம் பிள்ளைகளுக்கும் ஆண்டில் எட்டு மாதங்களுக்கு வேண்டிய உருளைக்கிழங்கும் மரக்கறியும் கிடைக்கும் என்று அவர் கணக்குக் காட்டினார். "வெற்றிக்காக மண்ணைக் கொத்துங்கள்" என்னும் கருத்துடைய சுலோகம் அவ்வுரையின் மூலமே நாடெங்கும் பரவியது. உரிமையாளரின் சம்மதமின்றியே வெற்று நிலங்களை எடுத்துப் பயிர்செய்யக் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சபைகளுக்கு வழங்கப்பட்டது. இலண்டன் கோட்டையைச் சுற்றியிருந்த வறண்ட அகழியிலும், கென்சிங்டன் பூங்காவின் புற்றரையிலும், பின்னர்க் குண்டுவீச்சினால் இடிந்த வீடுகள் நின்ற இடங்களிலும் கோவாவும் கிழங்கும் முளைக்கலாயின.

ஆயினும் மந்திரி குறிப்பிட்ட எட்டு மாதம் என்னும் கணக்கிலேயே ஒரு சிக்கல் அடங்கியிருந்தது. எஞ்சிய நான்கு மாதங்களுக்கு மக்கள் எதை உண்பது?

ஆண்டு முழுவதும் வெயில் பெறும் இலங்கை போன்ற தேசத்திலுள்ளோருக்கு இந்தச் சிக்கல் எளிதிற் புலப்படாது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு மாரி காலம் நீர் தரும் காலம். பயிர் தளிர்க்கும் காலம். இங்கிலாந்தின் நிலை வேறு. இலண்டனிலே டிசெம்பர் மாதத்தின் பிற்பகுதியிற் பகற்பொழுது எட்டு மணித்தியாலத்துக்குங் குறைவு. நவெம்பர் முதல் பெப்ருவரி வரை ஒளியும் வெப்பமும் மிகவுங் குறைந்து, செடிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அந்த மாதங்களில் விதையிட்டால் அது முளையாது, முளைத்தாலும் வளராது. ஆகவே அந்நாட்டிலே பனிக்கால அறுவடைக்கான தோட்டம் பனிக்காலத்திற் போடப்படுவதன்று. பங்குனியிலும் சித்திரையிலும் விதைத்து, ஆனி ஆடியில் நாற்று நட்டு, ஐப்பசிக்குள் முழு வளர்ச்சி அடையச் செய்து, அதன்பின் வளராமல் நிற்கும் செடியை நாளுக்குச் சிறிதாக வெட்டி உண்ண வேண்டும். சுருங்கச் சொன்னால், அங்கே பனிக்காலத் தோட்டம் நிலத்தின்மீது நிற்கும் ஒரு களஞ்சியம்.

புதிதாக மண்வெட்டி பிடித்த நகரமாந்தர் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை. இளவேனிற் காலத்திலே வெயிலைக் கண்ட மகிழ்ச்சியில் அவர்கள் லெற்றூஸ் கீரையையும் பட்டாணியையும் போஞ்சியையும் ஒரேயடியாக விதைத்தார்கள். ஆனி, ஆடி மாதங்களில் வீதியெங்கும் ஒரே பொருள் மலிந்து கிடந்தது. அயலவருக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவார் இல்லை. தை, மாசி வந்தபோது அதே தோட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. கடைகளிலும் மரக்கறி அரிதாயிற்று. யுத்தத்தின் முதற் பனிக்காலமோ மிகக் கொடியது. 1940 ஜனவரி அந்நாட்டிற் பல தசாப்தங்களாகக் கண்டிராத குளிர் மாதமாக அமைந்தது. தேம்ஸ் நதியே சில இடங்களில் உறைந்தது. அதே மாதம் 8ஆம் திகதி வெண்ணெய்க்கும் சீனிக்கும் பன்றியிறைச்சிக்கும் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலே பிரான்ஸ் வீழ்ந்தது; பிரித்தானிக் கரையும் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளும் பகைவர் வசமாயின. வெங்காய வியாபாரிகளின் வரவும் நின்றது. அதன் பின்வந்த பனிக்காலத்திலே வெங்காயம் அருமையான பொருளாயிற்று. பரிசுச் சீட்டு நடத்தி, வெற்றி பெற்றவருக்கு ஒரு வெங்காயத்தைப் பரிசளித்த நிகழ்ச்சிகளும் உண்டு.

இந்த அனுபவத்தின் பின்னரே கமத்தொழில் அமைச்சு தன் முயற்சியின் போக்கைத் திருத்திக்கொண்டது. கோடைக்கு மட்டுமன்றிப் பனிக்காலத்துக்கும் பயிரிட வேண்டும் என்பதையே அது முதல் உபதேசமாக வைத்தது. புதிய வரிசையிலே வெளிவந்த துண்டுப் பிரசுரங்களுள் முதலாவது இதற்கென்றே எழுதப்பட்டது. ஆண்டில் ஒரு வாரமேனும் தோட்டத்திலிருந்து உணவு கிடையாதிருத்தலாகாது என்பதே அதன் சாரம். அதனோடு ஒரு தோட்டப் படமும் அச்சிடப்பட்டிருந்தது. அப்படத்தின் அளவு 90 அடி நீளமும் 30 அடி அகலமுமாகும். அஃதாவது 300 சதுரயார். ஓர் ஏக்கரில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்னும் யாழ்ப்பாணத்துக் கணக்கிலே கூறுவதானால், அது ஏறத்தாழ ஒரு பரப்பு நிலம்.

அந்த ஒரு பரப்பு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியிலே பட்டாணி, போஞ்சி, வெங்காயம், லீக்ஸ் முதலியன. இன்னொரு பகுதியிலே உருளைக்கிழங்கும் கரட், பீற்றூட், பார்ஸ்னிப் முதலிய கிழங்கு வகைகளும். மூன்றாம் பகுதி முழுவதும் பனிக்காலத்துக்கும் அதனை அடுத்த இளவேனிலுக்கும் உரிய கோவா இனங்கள். அடுத்த ஆண்டு ஒவ்வொரு பகுதியும் இடம் மாறும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு பயிரினம் பழைய இடத்துக்குத் திரும்பும். கோவா இனத்தை ஒரே மண்ணில் இடைவிடாது நட்டால் வேர் வீங்கிச் செடி வாடும் நோய் மண்ணிலே குடிகொண்டுவிடும். அதனைத் தடுப்பதற்கே இந்த மாற்றம். மண்ணின் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு இடுவதும் அதே காரணத்துக்காகவே.

விதைக்கும் காலந்தான் இத்திட்டத்தின் உயிர்நாடி. மார்ச் மாதத்திலே லீக்ஸ், பிரசல்ஸ் கோவா ஆகியவற்றை நாற்றுமேடையில் விதைக்க வேண்டும். பிரசல்ஸ் கோவா என்பது நெடிய தண்டைச் சுற்றி எலுமிச்சங்காயினுஞ் சிறிய கோவாக்கள் நிறைந்து வளரும் செடி. வெள்ளைக் கரட் போன்ற பார்ஸ்னிப் கிழங்கின் விதையையும் அக்காலத்திலேயே நேராக நிலத்தில் இடவேண்டும். ஏப்பிரல், மே மாதங்களிலே சுருங்கிய இலைகளையுடைய சவோய் கோவாவும், கேல் எனப்படும் சுருள் இலைக் கோவாவும், ஊதாநிறப் புறோக்கொலியும் விதைக்கப்படும். யூலை மாதத்திலே முந்திய உருளைக்கிழங்கைக் கிண்டி எடுத்ததும் அந்த மண் ஆறுமுன்னரே நாற்றுக்கள் அங்கே குடியேறும். லீக்ஸ் நாற்றுக்குக் கூரிய தடியினால் ஆழமான குழி குத்தி, நாற்றை உள்ளே இறக்கி, மண்ணை இட்டு மூடாமல் நீரை மாத்திரம் வார்ப்பார்கள். நாளடைவிலே மண் தானாகச் சரிந்து குழியை நிரப்பும். தண்டு நீண்டு வெளுத்து வளரும். பிரசல்ஸ் கோவாவுக்கோ மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். இளகிய மண்ணில் நட்டால் அதன் சிறு கோவாக்கள் இறுகாமல் விரிந்துவிடும்.

இப்பயிர்களிற் சிலவற்றுக்கு உறைபனியே நன்மை செய்வது இயற்கையின் விந்தை. குளிர் மிகும்போது கேல், பார்ஸ்னிப் முதலியவை தம்மிடமுள்ள மாப்பொருளின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாதாகையால் செடியின் உயிரணுக்கள் காப்பாற்றப்படும். உண்போருக்கு அது இனிப்பாகப் படும். முதல் உறைபனி விழுந்த பின்னரே பார்ஸ்னிப்பைக் கிண்ட வேண்டும் என்று அந்நாட்டுக் கிழவர்கள் சொல்லி வந்ததன் காரணம் இதுவே.

நிலத்தில் நிற்க இயலாத பொருள்களுக்குச் சேமிப்பு முறைகள் கற்பிக்கப்பட்டன. உருளைக்கிழங்கை வைக்கோலின்மீது குவித்து, மேலும் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மண்ணை அணைத்து மூடினர். கரட்டையும் பீற்றூட்டையும் பெட்டிகளிலே மணலுக்குள் அடுக்கினர். வெங்காயத்தை வெயிலிற் காயவைத்துப் பிணையலாகக் கட்டித் தொங்கவிட்டனர். போஞ்சி விதைகளைச் செடியிலே முற்றவிட்டு உலர்த்திப் போத்தல்களில் இட்டனர். இவ்வளவுஞ் செய்த பின்னரும் ஓர் இடைவெளி எஞ்சியது. சேமித்தவை தீர்ந்து, புதிய பயிர் விளையாத ஏப்பிரல், மே மாதங்களை அந்நாட்டார் பசி இடைவெளி என்றே அழைப்பர். அதற்கென முந்திய ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களிலே இளவேனிற் கோவாவை விதைத்து வைக்க வேண்டும். மற்றவர் கடற்கரையை நாடும் வெயிற் காலத்திலே ஒன்பது மாதங்களுக்கு அப்பாலுள்ள ஒரு பசியை எண்ணி விதையிடுவது எளிதான காரியமன்று.

இந்த முன்யோசனையைப் பொதுமக்களுக்கு ஊட்டியதிலே வானொலி வகித்த இடம் பெரிது. பி.பி.சி. வானொலியிலே ஞாயிறு பிற்பகல்களில் தோட்டக்கலை பற்றிப் பேசிவந்தவர் செசில் ஹென்றி மிடில்டன் என்பவர். பிரபு குடும்பம் ஒன்றின் மாளிகையிலே தலைமைத் தோட்டக்காரராக இருந்தவரின் மகனாக 1886இல் நோர்தாம்ப்ரன்சயரிலே பிறந்தவர். கியூ தாவரவியற் பூங்காவிலே பயிற்சி பெற்றவர். 1931ஆம் ஆண்டு முதல் வானொலியிலே பேசிய இவரை நாடு முழுவதும் மிஸ்டர் மிடில்டன் என்றே அறிந்திருந்தது. மேடைப் பேச்சின் ஆரவாரம் அவரிடம் இல்லை. வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவனோடு பேசுவது போலவே ஒலிவாங்கியின் முன் அவர் பேசினார். யுத்த காலத்திலே அவருடைய பேச்சைக் கேட்டோர் தொகை 35 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டது. ரோசாவையும் டேலியாவையும் உள்ளம் நிறைய நேசித்த அவர், அவற்றை அகற்றிவிட்டு வெங்காயத்துக்கு இடம் விடும்படி சொல்ல நேர்ந்தது. உள்ளூரிலே விளைந்த ஒரு வெங்காயத்தின் அருமையை அரசாங்க அறிக்கைகள் உணர்த்தியதைவிட அவரது குரல் தெளிவாக உணர்த்தியது.

எழுத்தறிவு குறைந்தவருக்கும் விளங்கும்படி அரச தோட்டக்கலைச் சங்கம் 1941இல் படங்கள் நிறைந்த ஒரு கைந்நூலை வெளியிட்டது. மண்ணைப் புரட்டுவது முதல் அறுவடை வரை ஒவ்வொரு செயலும் அதிலே புகைப்படமாகக் காட்டப்பட்டிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பசளை அரிதானபோது, 1942இல் மூன்று முக்கிய சத்துக்களும் சம அளவிற் சேர்ந்த ஒரு பொதுப் பசளையை அரசாங்கம் கட்டுப்பாட்டு விலையில் வழங்கியது. சமையலறைக் கழிவையும் சருகையும் கூட்டெருவாக்கும் முறை பாடசாலைகளிலே கற்பிக்கப்பட்டது. 1941 முதற் கோடைக்காலத்திலே கடிகாரங்கள் இரண்டு மணித்தியாலம் முன்னே தள்ளிவைக்கப்பட்டன. தொழிற்சாலையிலிருந்து திரும்பிய தொழிலாளி இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சத்திலே தோட்டத்திற் பாடுபட இது உதவியது.

விளைந்ததை வீணாக்காது உண்ணச் செய்வது உணவு அமைச்சின் பொறுப்பாயிற்று. 1940 ஏப்பிரலில் உணவு மந்திரியான ஊல்ட்டன் பிரபுவின் பெயராலேயே ஒரு பண்டம் வழங்கலாயிற்று. உருளைக்கிழங்கு, கரட், கோலிபிளவர் முதலியவற்றை வேகவைத்து, மாவினால் மூடிச் சுட்டெடுக்கும் இப்பண்டத்தை வகுத்தவர் இலண்டன் சவோய் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர். ஜனங்கள் அதை உண்டார்கள். பெரிதும் விரும்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. தோடம்பழம் வருவது அருகிப்போனதால், வைற்றமின் சி சத்துக்குக் கோவா இனக் கீரைகளையும் உருளைக்கிழங்கையுமே நம்ப வேண்டியதாயிற்று. கீரையை நெடுநேரம் பெருநீரில் அவிக்கும் பழைய வழக்கம் அச்சத்தை அழித்துவிடும். சிறிதளவு நீரிலே சொற்ப நேரம் வேகவைத்து உடனே பரிமாறுங்கள் என்று இல்லத்தரசிகளுக்கு இடையறாது எடுத்துரைக்கப்பட்டது. கரட் மிதமிஞ்சி விளைந்த காலத்திலே, இரவில் பகை விமானங்களை வீழ்த்திய விமானிகளின் கூரிய பார்வைக்குக் கரட்டே காரணம் என்ற கதையும் பரவியது. விமானிகளுக்கு உண்மையில் வழிகாட்டியது ராடார். ஆயினும் கரட் செலவாயிற்று.

பலன் என்ன? தோட்டத் துண்டுகளின் தொகை 8 இலட்சத்திலிருந்து ஏறக்குறைய 14 இலட்சமாக உயர்ந்தது. வீட்டு வளவுகளும் தோட்டத் துண்டுகளும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் மரக்கறி தந்தன என்று யுத்தத்தின் நடுப்பகுதியிலே மதிப்பிடப்பட்டது. இதனை மிகைப்படுத்திக் கூறுவதும் பொருந்தாது. ரொட்டிக்கு வேண்டிய தானியத்தைப் பெருக்கியவை புற்றரைகளை உழுது விளைநிலமாக்கிய பெரும் பண்ணைகளே. எஞ்சிய கோதுமையையும் இறைச்சியையும் அத்திலாந்திக் சமுத்திரத்திலே உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தவர்கள் கப்பல் மாலுமிகளே. ஒரு பரப்புத் தோட்டம் ஒரு குடும்பத்தை முழுவதும் போஷிக்க வல்லதன்று. ஆனால் உணவு இறக்குமதி யுத்தத்துக்கு முன்னிருந்த அளவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த காலத்திலே, மரக்கறிக்கென்று கப்பலில் இடம் ஒதுக்க வேண்டாத நிலையை உண்டாக்கியதில் இத்தோட்டங்களுக்குப் பங்கு உண்டு. பச்சை மரக்கறி யுத்தம் முடியும்வரை பங்கீட்டுப் புத்தகத்திலே இடம்பெறவில்லை. பனிக்காலத்திலும் ஏழையின் தட்டில் ஏதேனும் பச்சையிலை இருந்தது.

இவ்வியக்கத்தைத் தொடக்கிவைத்த மந்திரியின் பிற்கால வாழ்க்கை இலங்கை நேயருக்குத் தனிப்பட ஒரு கருத்தை உணர்த்தும். 1940 மே மாதத்திலே பதவி இழந்த டோர்மன் ஸ்மித், 1941இல் பர்மாவின் தேசாதிபதியாக நியமிக்கப்பட்டார். அக்காலத்தில் இலங்கை தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்றது. அதில் பர்மா அரிசிக்கு முதன்மையான இடம் இருந்தது. 1942 மார்ச் 8ஆம் திகதி யப்பானியப் படைகள் இரங்கூனைக் கைப்பற்றின. தேசாதிபதி இந்தியாவுக்குத் தப்பிச் சென்றார். பர்மா அரிசிக் கப்பல்கள் கொழும்புக்கு வருவது நின்றது. ஒரு தீவு மக்களைப் பார்த்து உங்கள் மண்ணை நம்புங்கள் என்று சொன்னவரின் ஆட்சியிலிருந்த நாடு வீழ்ந்தபோது, வேறொரு தீவு தன் மண்ணை நம்பவேண்டிய நிலையை அடைந்தது. இலங்கையில் அரிசிப் பங்கீடு அவ்வாண்டிலே நடைமுறைக்கு வந்தது. மரவள்ளியும் வற்றாளையும் வளவுகளில் ஏறின. கோதுமை மா பலருடைய வீட்டு அடுப்புக்கு அன்றாட விருந்தாளியாயிற்று. எத்தனை பேர் வாழும் நாடாயினும், கப்பல் வராத நாளில் கணக்கு ஒன்றேதான்.

யுத்தம் 1945இல் முடிந்தது. சில வாரங்களுள், செப்டெம்பர் 18ஆம் திகதி, மிஸ்டர் மிடில்டன் காலமானார். மீண்டும் ரோசாவைப் பற்றி மனம்போலப் பேசும் நாட்கள் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. சமாதானத்தோடு பசி நீங்கிவிடவும் இல்லை. யுத்த காலத்திலே பங்கிடப்படாத ரொட்டி 1946 யூலையிற் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. ஆயினும் மக்கள் களைத்துப்போயிருந்தனர். பலர் மண்வெட்டியைக் கீழே வைத்தனர். கொத்துவதை நிறுத்தாதீர்கள் என்று அரசாங்கம் வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

அந்த வேண்டுகோளின் பொருளை 1947ஆம் ஆண்டின் பனிக்காலம் விளக்கிக் காட்டியது. ஜனவரி மாதத்தின் பிற்பகுதியிலே தொடங்கிய பனிப்பொழிவு மார்ச் நடுப்பகுதி வரை நீடித்தது. வீதிகளும் இருப்புப்பாதைகளும் மூடுண்டன. நிலக்கரி போக்குவரத்து ஸ்தம்பித்தது. நிலத்தில் நின்ற கிழங்குகளைப் பிடுங்க மண்வெட்டியால் இயலவில்லை. வீதியை உடைக்கும் காற்றழுத்தத் துளைகருவியைக் கொண்டு பார்ஸ்னிப் கிண்டிய இடங்களும் உண்டு. சேமித்து வைத்த உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 70,000 தொன் உறைந்து அழிந்தது. யுத்தம் முழுவதிலும் தாராளமாகக் கிடைத்த உருளைக்கிழங்குக்கும் அவ்வாண்டின் இறுதியிலே பங்கீடு வந்தது. நிலத்தின்மீது நிற்கும் களஞ்சியத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அப்பனிக்காலம் உணர்த்தியது. முன்யோசனை பசியைத் தள்ளிவைக்க வல்லது; இயற்கையை முற்றாக வெல்ல வல்லதன்று.

உணவுப் பங்கீடு 1954 யூலை மாதத்திலே அந்நாட்டில் முற்றாக நீங்கியது. பூங்காக்கள் மீண்டும் புற்றரையாயின. இலண்டன் கோட்டை அகழியிலே கோவா நின்ற சுவடு மறைந்தது. 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிலே தோட்டத் துண்டுகளின் தொகை ஆறு இலட்சத்துக்குங் கீழே சென்றது. கடைகளிலே ஆண்டு முழுவதும் எல்லா மரக்கறிகளும் கிடைக்கத் தொடங்கியபின், பசி இடைவெளி என்ற சொல்லின் பொருள் தோட்டக்காரருக்கன்றி மற்றையோருக்கு மறந்துபோயிற்று.

எனினும் அந்த ஆறு ஆண்டுகளில் மக்கள் பயின்றுகொண்ட பாடம் பழையதாகிவிடவில்லை. நிலத்தைக் கொத்துவது எவராலும் இயலும். கைகளுக்குக் காய்ப்பு ஏறினாற் போதும். நிறைவுள்ள நாளிலே குறைவுள்ள நாளை எண்ணிப் பார்த்து, எந்த விதை எந்த வாரத்தில் விழவேண்டும் என்று கணக்கிடுவதுதான் கடினமானது. பகற்பொழுது நீண்டிருந்த ஆடி மாதத்து மாலைகளிலே, இலண்டன் நகரத்துத் தையற்காரனும் தபாற்காரனும் பாடசாலை ஆசிரியையும் குனிந்து நின்று நட்ட ஒவ்வொரு லீக்ஸ் நாற்றும் அத்தகைய கணக்கின் விளைவே. பெப்ருவரி மாதத்து இருண்ட காலையொன்றிலே அதைப் பிடுங்கிப் பனியை உதறி வீட்டுக்குள் எடுத்துச் சென்றபோது, அந்தக் கணக்குச் சரியென்று அவர்கள் கண்டார்கள்.